மூன்று கோடு போட்ட தகர டப்பா

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். நாய் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

திருவொற்றியூரில் டிரெய்லர் லாரிகளுக்கு இன்ஜின், பிரேக் வேலை பார்க்கும் ஷெட் ஒன்று இருக்கிறது. அது என்னுடையது. நாலு மூங்கிலும் ஓட்டைத் தார்ப்பாய் ஒன்றுமாக ஆரம்பித்தேன். மழை வந்தால் தார்ப்பாய்க்குக் கீழே லாரி, லாரிக்குக் கீழே நான். இன்றைக்கு அங்கே ஐந்து டிரெய்லர் ஒரே வரிசையில் நிற்கும். விம்கோ நகரில் இருக்கிற மூன்று மாடி வீடு நான் கட்டியது. கட்டியது என்றால் காசு கொடுத்துக் கட்டியது மட்டும் அல்ல. கலவை போட்டேன், கம்பி கட்டினேன், சுவருக்குத் தண்ணீர் விட்டேன். சுற்றி இருந்தவர்கள் போர் போட்டால் உப்புத் தண்ணீரும் எண்ணெய் வாடையும் வந்தது. என் மனையில் மட்டும் நல்ல தண்ணீர். இடம் குறித்தவன் நான். மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். பேங்கில் வேலை செய்யும் பெண்ணை மருமகளாகக் கொண்டுவந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. ராயபுரத்தில் ஆட்டோ ரிப்பேர் கடையில் ஸ்பானர் துடைக்கப் போனவன், இன்றைக்குத் தெருவில் போகிற டீசல் வண்டியைக் காதால் கேட்டே எந்த சிலிண்டர் படுத்துவிட்டது என்று சொல்லுவேன். எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை வரிசை கட்டி நிற்கிற டிரைவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இதையும் நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் மருமகள் திருத்தலாம், ஒரு வார்த்தையைக் கூட வெட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இத்தனை செய்தவனால் ஒன்றே ஒன்று முடியவில்லை. என் மனைவியை நடக்க வைக்க முடியவில்லை.

அவளுக்கு ஒருநாள் காலையில் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பால் பாத்திரத்தை இறக்கப் போனவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சு முழுதாகத் திரும்பியது. என்னைத் திட்டுவதை வைத்துச் சொல்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. கை பாதி திரும்பியது. கால் மட்டும் தரையில் இழுபட்டது. நடக்க நடக்கச் சரியாகும், உட்கார்ந்துவிட்டால் அப்படியே இறுகிப் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தது. "வலிக்குதும்மா, உடும்மா" என்று அதன் கையைத் தட்டிவிட்டாள். நான் சும்மா இருப்பேனா? பைப் வாங்கி, வளைத்து, வெல்டிங் அடித்து, வீட்டுப் பக்கத்துச் சந்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு தடம் போட்டேன். கை வழுக்காமல் இருக்க ரப்பர் சுற்றினேன். ஆஸ்பத்திரியில் கூட அப்படி ஒன்று கிடையாது. அதில் இன்றுவரை துணிதான் காய்கிறது.

அப்போதுதான் மகன் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். லேப் ஜாதி என்றான். காதைப் பார்த்தால் வேறு ஏதோ கலந்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. மனைவி அதைப் பாப்பா என்று கூப்பிட்டாள். பகலில் நான் ஷெட்டில், மகனும் மருமகளும் ஆபீஸில். குட்டி ஒன்றுக்கு வந்தால் கதவைப் பிறாண்டும். வீட்டுக்குள் கலீஜ் ஆகக் கூடாதே என்று இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போனாள். பிறகு பக்கத்து வீட்டு வாசல் வரை. பிறகு கரண்ட் கம்பம் வரை. பாப்பா வளர வளர அவள் நடக்கும் தூரமும் வளர்ந்து, தெருமுனை மாவு மில் வரை போய்விட்டது. அவள் நின்றால் அது நிற்கும். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஏர் பிரேக் அடித்தால் அது பயந்து அவள் காலோடு ஒட்டிக்கொள்ளும். அவள் அதைத் தட்டிக்கொடுத்துத் தைரியம் சொல்லுவாள். ஒரு பக்கம் மனிதக் கால் இழுக்கும், ஒரு பக்கம் நாய் வால் ஆடும். மில்காரர் கேட்டால், "நானா நடக்குறேன்? பாப்பா இட்டுகினு போவுது" என்பாள்.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயம் ஊர்ந்துகொண்டே இருந்தது. இந்த நாய்க்கு ஒன்று ஆனால் இவள் கால் போயிற்று. டிரெய்லரில் பிரேக்குக்குக் காற்று போகிற ஏர் லைன் எங்கோ கசியும், சத்தம் கேட்காது, மீட்டர் முள் மட்டும் மெல்ல இறங்கும். அந்த மாதிரி ஒரு பயம்.

பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டிய சமயம், காலடிப்பேட்டையில் இருக்கிற நாய் டாக்டரம்மாவிடம் ஊசி போடக் கூட்டிப் போனோம். சின்ன வயதுப் பெண், பொறுமையாகப் பேசும். "வளர்ச்சி முடிஞ்சாச்சுங்க. இனிமே குட்டித் தீனி வேணாம். அதுல சத்து அதிகம். அதையே போட்டுட்டிருந்தா எடை ஏறும், மூட்டுக்கு ஆகாது. பெரிய நாய்த் தீனிக்கு மாத்திடுங்க" என்றது. மூட்டு என்று கேட்டதும் குனிந்து பாப்பாவின் காலைத் தடவிப் பார்த்தேன். மேற்கொண்டு அது என்னவோ சொல்ல ஆரம்பிக்கும்போது ஷெட்டிலிருந்து போன். ஒரு டிரெய்லருக்கு பிரேக் டிரம் சூடேறிப் புகைகிறது. நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். மிச்சத்தை மருமகள் கேட்டுக்கொண்டாள்.

அவளும் மகனும் அந்த வாரம் வேலூரில் அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் லீவு போட்டுக் கிளம்பினார்கள். பெரிய நாய்த் தீனி மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, நாங்க வர்ற வரைக்கும் பழைய தீனியே போடுங்க. வந்து நான் மாத்திக்கிறேன்."

"ஏம்மா, மூட்டைய மாத்துறது ஒரு வேலையா? நீ நிம்மதியா போய்ட்டு வா."

"அப்படி இல்ல மாமா. ரெண்டையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்."

"கலக்குறதா?"

"ஆமா மாமா. டாக்டர் சொன்னாங்க."

"சரிம்மா சரிம்மா. பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு."

கலக்குவது என்ற சொல் எனக்கு ஆகாது. முப்பது வருஷமாக என் ஷெட்டில் நான் யாரையும் அடித்ததில்லை, ஒரே ஒருவனைத் தவிர. அவன் கியர் பாக்ஸில் பழைய ஆயில் பாதி இருக்கும்போதே மேலே புது ஆயிலை ஊற்றினான். பழையதைக் கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, சும்மா விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, இன்னும் சொட்டுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் புதுசு. இரண்டு ஆயில் கலந்தால் நுரைக்கும், பசையாகும், பேரிங் போகும். இந்தச் சட்டத்தை வைத்துத்தான் நான் பெயர் வாங்கினேன். தீனி மட்டும் எப்படி வேறாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர்கள் வரும் வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மா சொன்ன மூட்டு என்ற வார்த்தை என்னை உட்கார விடவில்லை. காலையில் பாப்பா மாவு மில்லிலிருந்து திரும்பும்போது இளைத்தது. வெயிலுக்கு இளைத்திருக்கும். எனக்கு மூட்டு வலியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வேளையும் அந்தக் குட்டித் தீனி அதன் காலில் போய் உட்காருகிறது, நாளைக்கு அது படுத்தால் இவளும் படுப்பாள் என்று மனசு ஓடியது. எடுத்தேன் மிச்சம் இருந்த பழைய தீனியை. ஷெட்டுக்குக் கொண்டுபோய் அங்கே சுற்றுகிற தெரு நாய்களுக்குக் கொட்டினேன். பையை உதறிக் காட்டினேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது அல்லவா.

அன்றைக்கு முழுக்கப் பாப்பாவுக்குத் தண்ணீர் மட்டும். மனைவி கவனித்துவிட்டாள்.

"யோவ், பாப்பாக்கு இன்னா நாஸ்டா வெக்கல?"

"சர்வீஸுக்கு உட்டுகீறேன். பயசெல்லாம் வெளிய வரட்டும்."

"அது இன்னா லாரியா, சர்வீஸுக்கு உட? கொயந்தை மூஞ்ச பாரு, எப்டி கீதுன்னு."

"நீ குந்து. எனுக்கு தெரியும்."

மறுநாள் புது மூட்டையைப் பிரித்துக் கிண்ணம் நிறையக் கொட்டினேன். பாப்பா தலையைத் தூக்காமல் தின்றது. பசி. கிண்ணத்தை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. இன்னொரு கை அள்ளிப் போட்டேன். "பாத்தியா, எப்டி துன்னுதுன்னு?" என்று மனைவியிடம் காட்டினேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் மாவு மில் வரை போய் வந்தார்கள். நான் வாசலில் நின்று, தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி, தீனி மாற்றிய விதத்தைச் சொன்னேன்.

மத்தியானம் பாப்பா ஹாலில் வாந்தி எடுத்தது. தீனி உருண்டை உருண்டையாக அப்படியே வந்தது. நான் துடைத்து முடிப்பதற்குள் பின்னால் கழிந்தது. அப்புறம் சந்தில் போய்க் கழிந்தது. தண்ணீர் மாதிரி, மஞ்சளாக, நாற்றம் தாங்கவில்லை. மாலைக்குள் அது கதவைப் பிறாண்டக் கூட எழுந்திருக்கவில்லை. படுத்த இடத்திலேயே போயிற்று. வால் மட்டும் என்னைக் கண்டதும் தரையில் ஒரு தட்டுத் தட்டியது, அவ்வளவுதான். வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ உருண்டு உருண்டு சத்தம் போட்டது. எந்த இன்ஜின் சத்தத்துக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். இது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

மனைவி நாற்காலியை இழுத்துப் பாப்பா பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் காலை, "எயுந்து கொஞ்சம் நட" என்றேன்.

"அது நடக்காம நான் இன்னாத்துக்கு நடக்கணும்?"

"கால் புடிச்சிக்கும்."

"புடிச்சிக்கட்டும்."

அவள் காலைப் பார்த்தேன். பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்ததற்கே இப்படியா, இல்லை என் கண்ணுக்கு அப்படியா? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றேன்.

ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். மனைவியும் வருவேன் என்று பிடிவாதம். பாப்பாவின் தலை அவள் மடியில், பின்பக்கம் என் மடியில். வழியெல்லாம் என் வேட்டி நனைந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு பார்வை பார்த்தேன், திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தது, காய்ச்சல் பார்த்தது, தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறதா என்று விசாரித்தது. குடலில் வருகிற கெட்ட வியாதி ஒன்றின் பெயரைச் சொல்லி, அதுவாக இருந்தால் ஆபத்து என்றது. மனைவியின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. "சாப்பாட்டுல ஏதாவது புதுசா பண்ணீங்களா?" என்று கேட்டது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்தேகமே வேண்டாம், தீனியை நான் பிசகில்லாமல் மாற்றினேன் என்று விளக்கினேன். பழையதை முழுக்க நிறுத்தியது, ஒரு நாள் வடிய விட்டது, அப்புறம் புதுசை நிறைய நிரப்பியது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஆயில் கணக்கையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பக்கத்தில் மனைவி என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரல் தானாகவே இறங்கியது.

"ஐயா, இது இன்ஜின் இல்லீங்க. வயிறு. உள்ள இருக்குறது எல்லாம் உயிரு. ஒரு வருஷமா ஒரே தீனிக்குப் பழகியிருக்கு. ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் வேற ஒண்ணை அள்ளிக் கொட்டினா அது என்ன பண்ணும்?"

"அவரு அப்டித்தாம்மா," என்றாள் மனைவி. "பஸ்ட் கியர்ல நிக்குற வண்டிய தூக்கி டாப்ல போட்டுட்டு, வண்டி சரியில்லன்னுவாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பெரிய வியாதியாக இருக்காது, தீனிக் கோளாறாகத்தான் இருக்கும் என்று அது முடிவுக்கு வந்தது நான் சொன்னதை வைத்துத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

ஊசி போட்டது. உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னது. வாந்தி நின்றதும் மசாலா இல்லாமல் வேக வைத்த கோழியும் குழைந்த சோறும். அது தங்கினால் பழைய தீனி. பிறகுதான் புதுசைக் கலந்து, மெல்ல ஏற்ற வேண்டும். அப்புறம் பாப்பாவின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திக் காட்டியது. அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் சிவப்பு ஓடி வர வேண்டும். ஈறு காய்ந்து ஒட்டினாலோ, சிவப்பு வரத் தாமதமானாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றது.

அன்றைக்கு அந்த ஈறை நான் எத்தனை தடவை அழுத்தியிருப்பேன்! வெளுக்கும். சிவக்கும். சிவந்தது போதுமா, டாக்டரம்மா காட்டிய சிவப்புக்கு இது குறைவா? ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். பாதி வெளியே வழிந்தது. ஷெட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. மனைவி நாற்காலியிலேயே கண்ணயர்ந்தபோது, மெல்லக் குனிந்து அவள் இடது கால் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். வெளுத்து, சிவந்தது.

"இன்னாயா பண்ற?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, கொசு."

"என்னையும் சர்வீஸுக்கு உட்டுடாத."

மருமகள் வீடியோ காலில் வந்தாள். நாயைக் காட்டுங்கள் என்றாள். தூங்குதும்மா என்று போனை மேலே திருப்பி ஃபேனைக் காட்டினேன். மனைவி போனைப் பிடுங்கி, நடந்தது மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவள் எழுந்து மண்டபத்துக்கு வெளியே வந்தாள். பிறகு, "மாமா, பழைய தீனி மிச்சம் இருக்குமே, அதை எடுத்து வைங்க" என்றாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். "எல்லாத்தையுமா கொட்டினீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

வாந்தி நின்றது. சோறும் கோழியும் நாலு வாய் தங்கியது. இனி பழைய தீனி வேண்டும். ஷெட் வழியாகப் போனேன். தெரு நாய்கள் எல்லாம் என்னைக் கண்டு ஓடி வந்து வாலை ஆட்டின. மினுமினு என்று இருந்தன. திருவொற்றியூரில் கேட்டேன், அந்தக் கம்பெனிக் குட்டித் தீனி இல்லை, வேறு தரட்டுமா என்றார்கள். வேறு என்ற வார்த்தையே எனக்குப் பயமாக இருந்தது. தண்டையார்பேட்டையில் இரண்டு கடை. ஒன்றில் பெரிய நாய்த் தீனிதான், இன்னொன்றில் நாளைக்கு வரும் என்றார்கள். நாளை வரை அந்த வயிறு தாங்குமா? ஸ்கூட்டரை நிறுத்தி ஈறை நினைத்துக்கொண்டேன். அப்புறம் வண்ணாரப்பேட்டையில் கோழி, புறா, நாய்க்கெல்லாம் தீனி விற்கிற பாய் ஒருவர் ஞாபகம் வந்தது. ராயபுரத்தில் நான் ஸ்பானர் துடைத்த காலத்தில் அவருடைய வாப்பா எங்கள் கடை வாடிக்கை.

"இன்னா நைனா, மூஞ்செல்லாம் செத்துகீது?" என்றார் பாய், கல்லாவில் இருந்தபடி.

"நாய்க்கு வவுறு போச்சு பாய். குட்டித் தீனி வோணும். இந்த மூட்டைதான்." பழைய பையின் படத்தைப் போனில் காட்டினேன்.

"கீது, குந்து. அதுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" உள்ளே போய் எடுத்து வந்தார். நான் பையைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதே பெயர், அதே குட்டி நாய் படம். இரண்டாம் தடவையும் கூட்டிப் படித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"உனுக்கா இம்மாம் சந்தேகம்? எங்க வாப்பா சொல்வாரு, அந்தக் கடைல ஒருத்தன்தான் ஸ்கூட்டருக்கு பெட்ரோல்ல ஆயில் ஒயுங்கா கலக்குவான்னு. உன்னைத்தான் சொல்வாரு. வேற எவன் கலந்தாலும் பொகையா கக்கும்னு."

நான் அப்படியே நின்றேன். டீசலுக்குப் போன பிறகு அதை நான் நினைத்ததே இல்லை. அந்தக் காலத்து ஆட்டோவும் ஸ்கூட்டரும் கலவையில்தான் ஓடும். பெட்ரோலோடு ஆயில் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். கூடினால் புகை, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று ஒரு அளவு டப்பா, உள்ளே கோடு. நான் கற்ற முதல் தொழிலே கலக்குவதுதான். இடையில் வந்த டீசல் சட்டத்தை வைத்துக்கொண்டு முதல் தொழிலை மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பணத்தைக் கொடுத்துவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனேன். மெல்லிய தகரத்தில் ஒரு டப்பா வெட்டினேன். விளிம்பு நாய் வாயைக் கிழிக்காமல் மடித்து அடித்தேன். பாப்பாவின் ஒரு வேளைத் தீனி சரியாக வாய் வரை நிற்கிற அளவு. உள்ளே சமமான இடைவெளியில் மூன்று கோடு கீறினேன். அடிக்கோடு வரை புதுசு, மேலே பழசு. அது தங்கினால் நடுக்கோடு வரை புதுசு. அதுவும் தங்கினால் மேல்கோடு. அப்புறம் முழு டப்பா. தகரத்தில் ஒட்டியிருந்த மண்ணெண்ணெய் வாடை போகச் சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்தேன்.

முதலில் பழசு மட்டும். வயிறு ஏற்றது. பிறகு அடிக்கோடு. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பாப்பா சந்துக்குப் போனால் பின்னாலேயே போனேன். குச்சியால் கிளறிப் பார்த்தேன். இளக்கம்தான், ஆனால் தண்ணீர் இல்லை. அடுத்த வீட்டம்மா மாடியிலிருந்து, "இன்னா தேடுறீங்க, மோதிரம் வியுந்துச்சா?" என்று கேட்டது. குச்சியைத் தூக்கிக் காட்டினேன். நடுக்கோட்டுக்கு ஏற்றும்போது பாப்பா ஒரு தடவை மறுபடி கழிந்தது. மறுபடியும் அடிக்கோட்டுக்கு இறக்கினேன். ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கவும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் அங்கேயே நிறுத்தினேன். நான் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளப்பதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்கோட்டுக்கு வந்த ஒரு காலையில் பாப்பா கதவைப் பிறாண்டியது.

நான் ஓடவில்லை. மனைவி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். முதல் அடியில் கால் மடங்கியது. பிடிக்கப் போனேன், "கிட்ட வராத" என்றாள். சுவரைப் பிடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தச் சில நாளில் அவள் கால் ஆரம்பித்த இடத்துக்கே போயிருந்தது. கேட் வரைதான் போக முடிந்தது. பாப்பா கேட்டைத் தாண்டி இழுக்கவில்லை, அவள் பக்கத்திலேயே நின்றது. மறுநாள் பக்கத்து வீட்டு வாசல். பிறகு கரண்ட் கம்பம். அவர்களுக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாத தூரத்தில் நான். அவள் சாய்ந்தால் தாங்க ஓட எத்தனை அடி ஆகும் என்று மனசுக்குள் அளந்துகொண்டே போனேன். இன்னும் அப்படித்தான் போகிறேன். இன்றைக்குக் காலையிலும் ஈறை அழுத்திப் பார்த்தேன்.

வேலூரிலிருந்து வந்த மருமகள் தகர டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யார் மாமா செஞ்சது, சூப்பரா இருக்கே?" என்றாள். இந்த வீட்டில் தகரம் வெட்டுகிறவர் வேறு யார்? படம் எடுத்தாள். நாய் வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: "தீனி மாற்ற எங்க வீட்டு ஐடியா." கை தட்டல் படம், இதயப் படம், எல்லாம் வந்து விழுந்தது. நல்ல ஐடியா மேடம் என்று எழுதியிருந்தார்கள். டாக்டரம்மா இரண்டு டப்பா வேண்டும் என்று கேட்டு வாங்கி மேஜையில் வைத்திருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுகிறதாம். மனைவி தெருவில் சொல்வது என்ன? "டாக்டரம்மா காப்பாத்துச்சு, மருமவ அளந்து போட்டா, பாப்பா என்னை நடத்துது."

ஆனால் வயிறு எப்படிக் கெட்டது என்று யாராவது கேட்டால், மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டுகிறார்கள்.

சரி, அது என் கணக்கு. என் கணக்கு என்றால் முழுக் கணக்கும் என் பேரில்தான் வர வேண்டும். பட்டினி போட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னவன் நான். வண்ணாரப்பேட்டை வரை அலைந்து பழைய தீனியைக் கண்டுபிடித்தவன் நான். கோடு கீறியவன் நான், இறக்க வேண்டிய இடத்தில் இறக்கியவன் நான். மருமகள் அந்தப் படத்துக்குக் கீழே, இது எங்கள் மாமா செய்தது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். டாக்டரம்மா டப்பாவைக் காட்டும்போது, திருவொற்றியூர் மெக்கானிக் செய்தது என்று வாயால் சொல்ல வேண்டும். என் மனைவி மாவு மில் வரை போய்ச் சேரும் அன்றைக்கு, மில்காரர் கேட்பார், யார் நடத்தியது என்று. பாப்பா என்று சொல்லட்டும், அது நியாயம். அந்தப் பாப்பாவை எழுப்பி நடக்க வைத்தது யார் என்பதையும் மூச்சு விடாமல் அடுத்த வாயில் சொல்ல வேண்டும். நான் பின்னால்தான் வருவேன், காதில் விழும்.